காலா லில்லி இலையில் வெள்ளை: மருந்துக்கு முன் ஈரப்பஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

காலா லில்லி இலையில் வெள்ளை படிகிறது என்று கேட்டால், தோட்டக் குறிப்பு எழுதுபவர்கள் பலர் யோசிக்காமல் தரும் பதில் 'சாம்பல் நோய், பூஞ்சைக்கொல்லி அடியுங்கள்' என்பது. இந்தச் செடிக்கு அந்த நோய் வரலாம். ஆனால் அடிக்கடி வருவதில்லை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மிகையான உரம், மாவுப்பூச்சி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காரணம் தெரியாமல் அடித்த மருந்தே காய்ந்து, இன்னொரு வெள்ளைப் படலமாக இலையில் நிற்பதும் உண்டு.

முதலில் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் பூ வகையிலும் பல வண்ணக் கலப்பினங்களிலும் இலையிலேயே வெள்ளைப் புள்ளிகள் உண்டு. ஒளி அவற்றில் ஊடுருவும், துடைத்தால் போகாது. அது அந்த இனத்தின் அழகு, வைத்தியம் தேவையில்லை.

அடுத்து ஈரப்பஞ்சால் துடையுங்கள். படலம் அசையாவிட்டால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பஞ்சில் தொட்டு ஓர் ஓரத்தில் வையுங்கள். கரைந்தால் அது தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. சொட்டுகள் காய்ந்த வட்டங்களாக இது தெரியும். நுனியில் மட்டும் வெள்ளை என்றால் வேறு கதை: காலையில் இலை நுனியில் நீர் சொட்டுவது காலா லில்லி சேர்ந்த சேம்புக் குடும்பத்துச் செடிகளின் இயல்பு, அந்த நீரிலுள்ள உப்பு அங்கேயே காய்கிறது. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் அதே வெள்ளை இருந்தால் உரத்தைக் குறைக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கு 1 லிட்டர் தண்ணீரில் 15 மி.லி. வினிகர் போதும். இலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்லிய துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைக்கவும். இனி மழைநீரை, இலையில் படாமல் மண்ணில் ஊற்றவும். உர உப்பை வெளியேற்ற, தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுதும் வடியவிடலாம். வண்ணக் கலப்பினங்களின் கிழங்கு ஈரம் தேங்கினால் அழுகிவிடும். வடிகால் சரியில்லாத தொட்டியில் இதைச் செய்யாதீர்கள், மண்ணையே மாற்றிவிடுங்கள்.

பஞ்சுபோல் திட்டுத்திட்டாக, இலைக்காம்பின் அடியில், இலை உறை தண்டை மூடிய இடுக்குகளில் இருந்தால் மாவுப்பூச்சி. பிசுபிசுப்பும் எறும்பும் கூடவே வரும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காதுக்குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கவும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும், அது கலக்கச் சில சொட்டுத் திரவ சோப்பும் சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கவும். ஒரு தெளிப்போடு நிறுத்துவதால்தான் பலருக்குத் தோற்கிறது. பஞ்சுறைக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிப் பொரிந்துவிடும். 7 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது வேண்டும். அப்படியும் திரும்பினால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பல் நோய்ப் படலம் துடைத்தால் எளிதில் போகும். சில நாளில் அதே இடத்தில் வட்டமாகத் திரும்பும். அதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, காற்றோட்டமில்லாத நெருக்கமே போதும். மோசமான இலைகளை வெட்டி அகற்றி, தொட்டிகளை விலக்கி வைத்து, 1 லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலை வாரம் ஒருமுறை தெளிக்கலாம். கந்தகம் தெளிப்பவர்கள் கவனிக்க: வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளிலும், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை கருகும்.

எந்தக் கரைசலையும் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகே மற்ற இலைகளுக்குப் போங்கள். வெயில் ஏறுமுன் இலை உலரும்படி அதிகாலையில் தெளிப்பது நல்லது. இலை உறைக்குள் இரவெல்லாம் ஈரம் நின்றால் மென்னழுகல் பாக்டீரியா புகுந்து தண்டு கூழாகிவிடும், அதற்கு மருந்து கிடையாது. இலையை வெட்டும்போது கையுறை அவசியம். சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசிபோன்ற நுண்படிகங்கள் தோலில் அரிப்பை உண்டாக்கும். வெட்டிய இலைகளைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்