ஃப்ளெக்ஸ்ல எங்க ஸ்கூல் பேரும் இருக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து எழுதுறேன். எங்க பக்கத்து காலேஜ் பொண்ணுங்க கபடி டீம் காலேஜ்களுக்கு நடுவுல நடந்த போட்டியில சாம்பியன் ஆயிட்டாங்கன்னு போன வாரம் உங்க பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு, ரொம்ப சந்தோஷம், அந்த பக்கத்த வெட்டி பீரோவுல வச்சிருக்கேன். அந்த ஏழு பேர்ல மூணு பேரு எங்க ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில படிச்ச புள்ளைங்க. நானும் அதே ஸ்கூல்தான், 1998ல பத்தாவது முடிச்சேன், அதே கிரவுண்டுல லெஃப்ட் கார்னர்ல நின்னு ஆடுனவ.

ஃபைனல யாரோ போன்ல லைவ் போட்டாங்க, எங்க தெருவுல ஒரே போன சுத்தி பத்து பேரு நின்னு பாத்தோம். ரெண்டு நிமிஷம்தான் பாக்கி, நம்ம டீம் ரெண்டு பாயிண்ட் பின்னாடி, உள்ள நிக்கிறது மூணே பேரு, எதிர் டீம்லேர்ந்து பாடி வர்றது நல்ல உயரமான பொண்ணு, நம்ம ஸ்கூல் புள்ள கார்னர்ல அசையவே இல்ல, அந்த பொண்ணு கால நீட்டுச்சு பாருங்க, லபக்குன்னு கணுக்கால பிடிச்சிருச்சு, மத்த ரெண்டு பேரும் மேல விழுந்து அமுக்கிட்டாங்க. மூணு பேரு மட்டும் இருக்கும்போது பிடிச்சா சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்ட், ஸ்கோர் சமம். அடுத்து நம்ம பொண்ணு ரெய்டு பாடப் போயி ஒருத்தர தொட்டுட்டு வந்துச்சு, நாம ஒரு பாயிண்ட் முன்னாடி. அதுக்கப்புறம் அவங்க ரெய்டு பாயிண்ட் இல்லாம வெறும் ரெய்டா போச்சு, கடைசியா நம்ம பொண்ணு 30 செகண்டும் பாடியே கழிச்சுட்டு கோட்டுக்கு திரும்புச்சு, விசில் அடிச்சாச்சு. எங்க பக்கத்து வீட்டு பெரியம்மா அழுதே அழுதுட்டாங்க.

அந்த பிடி காலேஜ்ல கத்துக்கிட்டது இல்லைங்க. "மூஞ்சிய பாக்காத, இடுப்ப பாரு, இடுப்பு திரும்பாம கால் வராது"ன்னு எங்க பி.டி. டீச்சர் எனக்கு சொல்லிக் குடுத்ததுதான், அந்த புள்ளைக்கும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. காலையில ஆறு மணிக்கு சாவி எடுத்துட்டு வந்து கேட்ட தொறந்துருவாங்க.

டெல்டாவுல கபடி எப்படி வளருதுன்னு வெளியூர்காரங்களுக்கு தெரியாது. ரெண்டாம் போகம் தாளடி நெல் அறுப்பு முடிஞ்சா எங்களுக்கு வயல்தான் கிரவுண்டு, தாள வெட்டி சமன் பண்ணி தண்ணி தெளிச்சு சுண்ணாம்புல கோடு போட்டுருவோம். ஜூன் 12 மேட்டூர் அணை தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா குறுவை நெல்லுக்கு உழுதுருவாங்க, அப்புறம் ஸ்கூல் கிரவுண்டு மட்டும்தான், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில சேறாயிரும். போட்டி எல்லாம் தரையில விரிச்சு போடுற மேட் மேல. மண்ணுல வெறுங்கால்ல ஆடி பழகுன புள்ளைங்க திடீர்னு ஷூ போட்டு மேட்ல நின்னா கால் நிக்கிறதே வேற மாதிரி இருக்கும், அதயும் தாண்டித்தான் இவங்க வந்துருக்காங்க.

இப்ப பஸ் ஸ்டாண்டுல பெரிய ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க, காலேஜ் பேரு பெருசா, நிர்வாகத்து ஆளுங்க போட்டோ பெருசா, புள்ளைங்க ஸ்டாம்ப் சைஸ்ல, ஸ்கூல் பேரு எங்கயும் இல்ல. காலேஜ குறை சொல்லல, ஹாஸ்டல் குடுத்தாங்க, ஃபீஸ் கொறச்சாங்க, மேட்ல பழக விட்டாங்க, அந்த கப் அவங்களோடதும்தான். ஆனா ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் ஏழு வருஷம் வளத்த ஸ்கூலுக்கு ஒரு வரி இல்லாம போறது மனசுக்கு கஷ்டமா இருக்கு. 2025ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டியில கபடி தங்கம் வாங்குன பொண்ண கண்ணகி நகர் கார்த்திகான்னுதான சொல்றோம், அதே போட்டியில தங்கம் வாங்குன அபினேஷ வடுவூர் அபினேஷ்னுதான சொல்றோம். ஊர் பேரு ஒட்டிக்கிட்டே வருதுல்ல, அந்த மாதிரி ஸ்கூல் பேரும் வரட்டும். நீங்களும் அடுத்த தடவ போட்டோ போடும்போது பொண்ணு பேருக்கு கீழ படிச்ச ஸ்கூல் எதுன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க, அது போதும்.

இன்னொன்னும் சொல்லணும். அந்த டீச்சர் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரல. பழைய மாணவிங்க நாங்க வாட்ஸ்அப் குரூப்ல மேட் வாங்க காசு சேக்குறோம், தையல் வேலை பாக்குற நானே ஒரு மாச வருமானத்த குடுத்துருக்கேன், ஆனா டீச்சர காசு சேத்து வாங்க முடியாதே. திங்கக்கிழமை அந்த மூணு பேரும் கப்ப எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தாங்க, பிரேயர்ல கைத்தட்டு அடங்கவே இல்ல. சாயங்காலம் பெல் அடிச்சதும் ஏழாவது எட்டாவது படிக்கிற புள்ளைங்க பத்து பன்னெண்டு பேரு தானா கோடு போட்டு நின்னுச்சுங்க, சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, அந்த கார்னர் புள்ளதான் செருப்ப கழட்டி வச்சுட்டு எறங்கி "இடுப்ப பாருங்கடி"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. ஆனா மறுநாள் காலையில அது காலேஜுக்கு பஸ் ஏறணும். பி.டி. டீச்சர் போடுற அதிகாரிங்க கண்ணுல படுற மாதிரி இத போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்