முகிலனுக்குப் பைனாகுலர் வாங்குமுன்

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா நலம். முழங்கால் பழையபடிதான்.

பேரன் முகிலனுக்குப் பைனாகுலர் வாங்கப்போவதாகப் பெரியம்மாவிடம் சொன்னாயாம். அவன் கண்ணாடி போட்டிருப்பதும் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சரி, இருக்கட்டும். 10×50 வாங்கிவிடாதே. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பெரிதாகக் காட்டும் என்பார்கள். எட்டு வயதுக் கை ஆடுகிற ஆட்டத்தில் பறவையே நிற்காது. 8×30 போதும். வாங்கும்போது நடுவில் மடக்கிப் பார். பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு. அந்த அளவுக்கு மடங்காவிட்டால் வட்டம் இரண்டாகத் தெரியும், "ஒண்ணும் தெரியலை"ன்னு தூக்கிப் போட்டுவிடுவான். கண்ணாடி போட்டிருப்பதால் கண் வைக்கிற ரப்பர் வளையத்தைக் கீழே மடக்கிவிடு.

பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடக் கூடாது. முதலில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும்; பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். நீயும் "அதோ, அதோ" என்று கையை நீட்டாதே. "வலது கருவேலம், இரண்டாவது கிளை, உச்சிக்கு ஒரு முழம் கீழே" என்று சொல். தெரியவில்லை என்றால் திட்டாதே. நீ சட்டென்று கோபப்படுவாய், அதனால்தான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது அவனையும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள். பொங்கல் நாட்களில் பொதுமக்களே பறவைகளை எண்ணுகிற இது 2015-லிருந்து நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் எண்ணி ஈபேர்டில் (பறவைக் கணக்கைப் பதிகிற இணையதளம், போனிலும் உண்டு) ஏற்ற வேண்டும். காக்கை, மைனாவை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வரும் ஒரே கொக்கைப் பத்துத் தடவை எண்ணிவிடுவார்கள். ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்ததோ, அதுதான் கணக்கு. பெரிய கூட்டமென்றால் முதலில் பத்தை எண்ணச் சொல். அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, பத்துப் பத்தாக நகர வேண்டியதுதான். சந்தேகமான பறவைக்குப் பெயர் போட வேண்டாம். முதலில் நோட்டில் எழுதட்டும், போன் உன் கையில் இருக்கட்டும்.

உங்கள் மொட்டை மாடியிலும் எண்ணலாம். ஆனால் வரித்தலை வாத்து அங்கே வராது. இமயமலையைத் தாண்டி வந்து நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் இறங்குகிறது, சென்னையில் இருக்கிறவர்களுக்குத்தான் தூரம். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிப்பான். சங்குவளை நாரை மீன் பிடிப்பதையும் காட்டு. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும், காலால் சேற்றைக் கலக்கும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதில்லை, தொட்டுத்தான் பிடிக்கும். அங்கே ஊருக்குள் வீட்டோரத்து மரத்திலேயே கூடு கட்டுகிறது என்பதற்காக மரத்தடியில் போய் நிற்க வேண்டாம். தாய் எழுந்து பறந்தால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். காலை ஆறரைக்கே போய்விட வேண்டும், வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெரியும்.

நெல்லை எக்ஸ்பிரஸுக்கு 60 நாளைக்கு முன்னால் புக்கிங் திறக்கும். பொங்கலுக்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும், தெரியும்தானே. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் இரண்டு டிக்கெட் மட்டும் போடு. ஏன் என்று நானும் கேட்க மாட்டேன், அம்மாவும் கேட்க மாட்டாள். மறுபடியும் சொல்கிறேன், பிள்ளையைத் திட்டாதே.

வெள்ளைச் சட்டை வேண்டாம். பச்சையோ காக்கியோ பழசாக ஒன்று எடுத்து வை.

அப்பா