மலைக்கோயிலைச் சண்டை மேடையாக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மொரிஷியஸின் காத்ர் போர்ன் மலைக்கோயிலின் காவடித் திருநாளைக் கணினிச் சண்டை விளையாட்டுக்கு மேடையாக, அதாவது கேரக்டர்கள் மோதும் பின்னணிப் படமாக, வரைந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நீங்கள் காட்டிய மாதிரிப் படங்களைப் பார்த்தோம். கோபுரத்தை உழைத்து வரைந்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு கேரக்டர்களையும் அந்தக் கோபுரத்தடியிலேயே, காவடி ஊர்வலத்தின் நடுவில் நிறுத்திவிட்டீர்கள். அவர்களை வெளியே சாலைக்குக் கொண்டுவாருங்கள். பக்திக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. ஆட்டமும் அங்கேதான் சரியாக நடக்கும்.

காரணம் சொல்கிறோம். விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். எதிராளியின் கால் தரையை விட்டுக் கிளம்புவதைச் சில ஃபிரேம்களுக்குள் கண்டுபிடித்தால்தான் தடுக்க முடியும். நம் ஊர்க் கோபுரமோ நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, அடுக்கடுக்காகச் சுதைச் சிற்பங்கள் நிறைந்தது. அத்தனை கைகளும் கால்களும் பின்னால் இருக்க, முன்னால் நீளும் ஒரு கை எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு அடியார்கள் அடர்ந்த ரோஜா நிறத்தில். சிவப்பு உடை போட்ட கேரக்டர் அந்தக் கூட்டத்துக்குள் போனால் காணாமலே போய்விடுவார். ஆட்டத்தின் நடுவே ஒரு ஸ்கிரீன்ஷாட் பிடித்து நிறத்தை எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் பாருங்கள். அதில் கேரக்டரின் விளிம்பு தெளிவாகத் தெரியவில்லையென்றால் பின்னணி தோற்றது. கோபுரத்தின் நிறச் செறிவைப் பாதியாகக் குறைத்து, மேலே மெல்லிய பனிமூட்டம் பூசுங்கள். கோயில் இருக்கும் கோர் தெ கார்த் மலைச்சரிவில் அது பொய்யாகத் தெரியாது.

சண்டை விளையாட்டுகளை உருவாக்க உதவும் இக்கெமென் கோ எஞ்சினில், 1280க்கு 720 பிக்சல் திரை அளவில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறோம். கேமரா இடத்துக்கும் வலத்துக்கும் 320 பிக்சல் நகரட்டும். மேடைக் கோப்பில் அந்த எல்லைகளை இப்படி எழுத வேண்டும்: பவுண்ட்லெஃப்ட் -320, பவுண்ட்ரைட் 320. அப்போது மேடை மொத்தம் 1920, அதாவது ஒன்றரைத் திரை. இதை மூன்று திரையாக நீட்டினால், தூரத்திலிருந்து எறிந்துவிட்டு ஓடும் கேரக்டருக்கு நீங்களே வெற்றியைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. பின்னணியின் ஒவ்வொரு அடுக்கின் அகலமும் இப்படி வரும்: 1280 உடன், 640ஐ அந்த அடுக்கின் டெல்டாவால், அதாவது கேமரா ஒரு பிக்சல் நகரும்போது அந்த அடுக்கு எவ்வளவு நகரும் என்ற எண்ணால், பெருக்கிக் கூட்ட வேண்டும். வானத்துக்கு டெல்டா 0, எனவே 1280 போதும். மலைக்கு 0.15 என்றால் 1376. கோபுரத்துக்கு 0.4, அகலம் 1536. கூட்டத்துக்கு 0.75, அகலம் 1760. சாலை 1, அகலம் 1920. இதற்குக் குறைந்தால் மூலையில் கறுப்புப் பட்டை தெரியும். பலமான அடி விழுந்து திரை அதிரும்போது மேலும் கீழும் அதே பட்டை எட்டிப்பார்க்கும், ஆகவே உயரத்திலும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். ஸூம் சேர்ப்பதாக இருந்தால் 0.8-இல் 1600 பிக்சல் அகலம் கண்ணில் படும், எல்லா அடுக்கையும் திரும்ப வரைய வேண்டிவரும். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

320 பிக்சல் அகலத் திரைக்கு எழுதிய பழைய மேடைக் கோப்பை நகலெடுத்து ஆரம்பிப்பவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, தொடக்க இடம். -70, 70 என்று அப்படியே விட்டால் 1280-இல் இருவரும் மூக்கும் மூக்கும் உரசி நிற்பார்கள். நான்கால் பெருக்கி -280, 280 போடுங்கள். இன்னொன்று, கேரக்டர் நடக்கும் எல்லை. அது -1000, 1000 என்றே இருக்கும். உங்கள் மேடைக்கு விளிம்பு 960 என்பதால் தொல்லை இல்லை. பின்னால் யாராவது கேமராவை 600 வரை நகர விட்டால் விளிம்பு 1240 ஆகிவிடும், கேரக்டரோ 1000-இல் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டி நிற்பார்.

தரையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாதிரிப் படத்தில் அதில்தான் கவனம் குறைவு. ஆட்டக்காரர் தூரத்தைத் தரையில்தான் அளக்கிறார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் கட்டம் போட்ட பயிற்சி மேடையைப் பலர் விரும்பியதற்கு அதுவே காரணம். எனவே சாலையோரக் கல்லையோ வெள்ளைக் கோட்டையோ சம இடைவெளியில் போடுங்கள். நீங்கள் போட்டிருக்கும் கரும்பாறைத் தரை இந்த ஊருக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்தக் கறுப்பில் நிழல் விழுவது தெரியாது. எதிராளி குதிக்கும்போது எங்கே இறங்குவார் என்று காட்டுவது நிழல். தரையை நடுச்சாம்பலுக்குக் கொண்டுவந்து, நிழலின் அடர்த்தியை 128-இல் விடுங்கள். தரை வரிவரியாக வெவ்வேறு வேகத்தில் நகரும் உத்தி 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இலேயே உண்டு. நீங்களும் செய்யலாம். ஆனால் பாதம் படும் வரியின் வேகம் சரியாக 1 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கிற ஆள் வழுக்கிக்கொண்டே போவார்.

இரண்டு மூலைக்கும் டெல்டா 1-இல் தனித்தனி அடையாளம் வையுங்கள். இடப்பக்கம் கோயில் வளைவின் தூண், வலப்பக்கம் பழச்சாறு விற்கும் வண்டி என்று இருந்தால் எந்த மூலையில் சிக்கினோம் என்பது ஓரக்கண்ணிலேயே தெரியும். கேரக்டருக்கு முன்னால் வரும் அடுக்கில் தோரணத்தைத் திரையின் உச்சியில் மட்டும் கட்டுங்கள். அங்கே நிற்கும் வாழைமரம் ஆட்டக்காரரின் கீழ் உதையை மறைக்கிறது. எடுத்துவிடுங்கள்.

காவடி எடுப்பவர்களை எங்கே வைப்பது? மலைப்படியில், சிறியதாக, கேரக்டர்களின் தலைக்கு மேலே. நான்கு டிக்குக்கு, அதாவது நான்கு ஃபிரேமுக்கு, ஒரு பிக்சல் என்று மெதுவாக மேலேறட்டும். சண்டை நடக்கும் உயரத்தில் எதுவும் ஆடாது, அடியாரின் பால் செம்புக்குப் பக்கத்தில் யாருடைய காலும் போகாது. கற்பூரச் சுடர் பளிச்சிடுவதை நிறுத்துங்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மினுக்கும் ஒளி வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. யானை வேண்டவே வேண்டாம். அது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் இந்தியக் கேரக்டர் தால்சிமின் மேடை, நம் ஊர் அல்ல.

தோற்றவரைத் தீக்குழியில் தள்ளும் யோசனையும் உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது. 1992-இல் மார்ட்டல் காம்பேட்டின் முள் பள்ளம் ஆட்டம் முடிந்த பிறகே ஆளை விழுங்கியது, அதனால் போட்டியைக் கெடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தீமிதி நேர்த்திக்கடன். அதைத் தண்டனையாகக் காட்டும் மேடையை நாங்கள் எந்தப் போட்டியிலும் சேர்க்கமாட்டோம்.

பெயர்ப்பலகைக்கு வருவோம். பழைய ஃபோட்டோஷாப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி அமைப்பு இல்லாமல் தட்டினால் ‘கோயில்’ என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். படத்தைச் சுருக்கினால் புள்ளி மறையும், ஆகவே இறுதி அளவிலேயே எழுத்தை வரையுங்கள். பாதி மேடையை வரைந்து மறுபாதிக்குக் கண்ணாடிபோலத் திருப்பி ஒட்டியிருக்கிறீர்கள். வலப்பக்கப் பலகையில் தமிழ் இடவலம் மாறிப் போய்விட்டது. 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்ததற்கு எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்ற நாடு இது. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இசையில் தவிலைக் குறைத்து நாதசுரத்தை முன்னே விடுங்கள். தவிலின் அடியும் குத்தின் ஒலியும் கலந்தால், அடி பட்டதா தடுக்கப்பட்டதா என்று காதால் பிரிக்க முடியாது. திரும்பச் சுற்றும் இடத்தை நொடியில் கொடுக்காதீர்கள், எஞ்சின் சாம்பிள் கணக்கில்தான் எடுக்கும்: நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பத்தாவது நொடி என்றால் 4,41,000.

சாலைக்கு மாற்றிய படத்தையும் மேடைக் கோப்பையும் அனுப்புங்கள். இரண்டு மூலையிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மேடை வரையும் நண்பர்கள் சிலர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்