எழுத்தாணியும் பட்டை நிப்பும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். என் இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. ஏட்டின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லக் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது. அதுவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு உதவியவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்கப்போவதில்லை என்பதால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் என்ன படிக்கிறேன், எதற்காக இதெல்லாம் கேட்கிறேன் என்று முழுதாகத் தெரியாமலே உதவியவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரத்தில் இருக்கிறது ரீட் கல்லூரி. 1908இல் நிறுவப்பட்டது. மாணவர்கள் மொத்தமே 1,400 பேர் அளவில்தான். இங்கே இளங்கலை படிக்கும் ஒவ்வொருவரும், எந்தத் துறையாக இருந்தாலும், கடைசி வருடம் முழுக்க உழைத்து ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஓவியத் துறைக்கும் விலக்கில்லை. படைப்பையும் செய்ய வேண்டும், அதைப் பற்றி எழுதவும் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பொருள் தமிழ் எழுத்து. ஓலையில் எழுத்தாணி கீறி வளர்த்த வடிவங்களை, முனை பட்டையாக வெட்டிய நிப்பால் தாளில் எழுதினால் அவை என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

எழுத்தாணிக் கோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தடிமனில் போகும். பட்டை நிப் அப்படியில்லை. 30 டிகிரி சாய்வில் பிடித்து ‘ப’ எழுதினால் நிமிர்ந்த கோடுகள் தடிக்கும், படுக்கைக் கோடு மெலியும். 45 டிகிரியில் இரண்டும் ஒரே அளவாகிவிடும். இதுவரை சரி. ‘ண’ வந்தால்தான் வம்பு. சுழிக்குள் மை ரொம்பி அடைத்துக்கொள்ளும். நிப்பை மேல்நோக்கித் தள்ளினால் தாளைக் குத்தி மை தெறிக்கும்.

இந்த இடத்தில் என் ஆய்வு வழிகாட்டிக்கு முதல் நன்றி. அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அதனாலேயே நான் எழுதியதை வாசிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கறுப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளையைப் பார் என்பார். அப்படிப் பார்த்த பிறகுதான், ‘ண’வின் சுழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பது என் கண்ணில் பட்டது.

ரீட் கல்லூரிக்கும் கையெழுத்துக் கலைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1929இலிருந்து 1969வரை இங்கே ஆசிரியராக இருந்த லாயிட் ரெனால்ட்ஸ்தான் அதை ஊன்றியவர். அவருக்குப் பின் முன்னாள் துறவியான ராபர்ட் பல்லடினோ கற்பித்தார். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இல் இங்கே சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டு, அப்புறமும் எழுத்துக்கலை வகுப்பில் போய் உட்கார்ந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்த வகுப்பைக் கட்டிக்காத்த இந்த இரண்டு ஆசிரியர்களின் பெயரும் அதே அளவுக்குப் பரவ வேண்டும் என்பது என் ஆசை. 1984இல் வகுப்பு நின்றுபோனது. 2012இலிருந்து கல்லூரியின் ‘கூலி’ (Cooley) என்ற பெயருள்ள கலைக்கூடம் அந்தக் கலையை மறுபடி வளர்த்துவருகிறது. அங்கே கூடி எழுதுகிறவர்களில் மாணவர்களும் உண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஊர்க்காரர்களும் உண்டு. அவர்களில் ஓர் அம்மா மூங்கிலைச் சீவிப் பேனா செய்யக் கற்றுக்கொடுத்தார். சுழி அடைபடுவதற்கு வழி சொன்னதும் அவர்தான். நிப்பைத் தள்ளாதே, இழு; இழுக்க முடியாத இடம் வந்தால் பேனாவை எடுத்துவிட்டு மேலிருந்து மறுபடி வா என்றார். சுழியை இரண்டு வீச்சாகப் பிரித்ததும் ‘ண’ மூச்சுவிட்டது. என் கண்காட்சியில் இருந்த பெரிய தாள்கள் எல்லாமே அந்த முறையில் எழுதியவை.

ரெனால்ட்ஸ் கைப்பட எழுதிய தாள்களை எடுத்து வைத்து, நான் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்த நூலகச் சிறப்புத் தொகுப்புப் பணியாளர்களுக்கும், கேட்ட தமிழ் நூல்களை எந்தெந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வரவழைத்துத் தந்தவர்களுக்கும் நன்றி.

இனி நம் ஊர்ப் பக்கம். உடன்குடியில் ஒரு பனையேறி அண்ணாச்சி, பெரியப்பா கேட்ட ஒரே வார்த்தைக்காக ஓலை வெட்டித் தந்தார். அதிகம் முற்றாத ஓலையாகப் பார்த்து எடுத்து, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்துப் பாடம் செய்வது பெரிய வேலை. அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி, உங்கள் ஓலைகள்தான் என் கண்காட்சியில் நடு மேசையில் இருந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

அதே ஊரில், இன்னமும் எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த வைத்தியர் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் வாட்ஸப் வீடியோவில் பாடம் எடுத்தார். ஓலையை இடது கையில் பிடித்து, கட்டைவிரலை எழுத்தாணிக்குத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். ஆணியை ஓட்டக் கூடாது, ஓலையைத்தான் நகர்த்த வேண்டும். எழுதி முடித்ததும் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், அதுவரை கண்ணுக்கே தெரியாமல் கிடந்த வரி கறுப்பாக எழுந்து வரும். நேர்க்கோடு போட்டால் ஓலை கிழியும், அதனால்தான் நம் எழுத்து வட்டமானது என்று பல இடங்களில் படித்திருந்தேன். அதைச் சொன்னதும் தாத்தா, “அப்போ நான் இத்தனை வருஷமா ‘ட’வும் ‘ப’வும் எழுதாமலா இருந்தேன்?” என்று கேட்டார். என் இரண்டாம் இயல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான். கை எடை குறைவாக இருந்தால், நாரின் போக்கிலேயே கோடு போட்டாலும் ஓலை தாங்குகிறது. வாய்மொழித் தேர்வில் வேறு துறையிலிருந்து வந்து அமர்ந்திருந்த இயற்பியல் பேராசிரியர் அதிக நேரம் துருவித் துருவிக் கேட்டதும் இதைப் பற்றித்தான். தாத்தா, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் நான் உங்கள் கையை நினைத்துத்தான் பதில் சொன்னேன்.

பழைய சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கும் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். தமிழ் இணையக் கல்விக் கழகம், பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், ஈழத்து நூலகம் நிறுவனம் இவற்றின் உழைப்பு இல்லாமல் போர்ட்லேண்டில் உட்கார்ந்து இந்த ஆய்வைச் செய்திருக்க முடியாது. சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘க’வா ‘க்’கா என்பதைப் பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாது. நான் தடுமாறிய வரிகளை, முன்பின் அறிமுகம் இல்லாமலே வாசித்துச் சொன்ன சுவடியியல் ஆய்வாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அறைத்தோழியை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வாள். எங்கள் வளாகத்தில் 1968 முதல் இயங்கும் 250 கிலோவாட் ஆய்வு அணு உலை ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் இளங்கலை மாணவர்களே பயிற்சி பெற்று, அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி இயக்குகிறார்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. உலைக்கூடத்தில் முறை முடித்து வந்த களைப்போடு என் அடிக்குறிப்புகளைத் திருத்தினாள். தமிழ் தெரியாவிட்டாலும், என் தாள்களில் ‘ழ’ எங்கே சரியாக வரவில்லை என்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பாள்.

அப்பா, அம்மா, ஆச்சி, உங்களுக்கு இங்கே எழுதப்போவதில்லை. நேரில் வந்து சொல்கிறேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி நூலாகக் கட்டப்பட்டு, எங்கள் நூலகத்தில் பழைய மாணவர்களின் ஏடுகளோடு இருக்கும். வைத்தியர் தாத்தாவுக்கும் அண்ணாச்சிக்கும் பெரிய தாள்களில் ஆளுக்கு ஒன்றைப் பெரியப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் பட்டை நிப்பில் எழுதிப் பழகக் கோடு போட்ட பயிற்சித் தாள்களும் தயாராக இருக்கின்றன. பள்ளி ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு வரி எழுதுங்கள், உடனே அனுப்பிவைக்கிறேன். காசு எதுவும் வேண்டாம்.

மிக்க நன்றியுடன்,
இறுதியாண்டு ஓவிய மாணவி,
ரீட் கல்லூரி, போர்ட்லேண்ட்