ஏழாவது நகர்த்தலுக்காக ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முந்தைய இரவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நம் அணியின் பயிற்சியாளர் நலமுடன் வீடு திரும்பிவிட்டார். அந்த இரவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால், அதை மீண்டும் விவரிக்காமல் பெற்றோர் சார்பில் நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் இறுதிச் சுற்று. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டைப் போலவே நான்கு போர்டுகள்; ஒவ்வொன்றிலும் வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. இரண்டரைப் புள்ளி எடுத்தால் சுற்று நமது. நான்காம் போர்டில் கறுப்புக் காய்களுடன் ஆடவேண்டிய நம் இளைய வீராங்கனை, கறுப்புக்கான தொடக்க முறைகளில் ஒன்றான பிரெஞ்சு தடுப்பாட்டத்தைப் பாதிவரையே கற்றிருந்தாள். விடுதித் தாழ்வாரத்தில் தனியே பலகையை விரித்திருந்த அவளைக் கண்டு, முந்தைய சுற்றில் நம்மிடம் தோற்ற அணியின் பயிற்சியாளர், "உட்காரலாமாம்மா?" என்று கேட்டு எதிரே அமர்ந்தார். நாம் வென்றால் பட்டியலில் அவருடைய அணி ஓரிடம் கீழே இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளைச் சிப்பாய் இ5 கட்டத்துக்கு (எழுத்தும் எண்ணும் பலகைக் கட்டத்தின் பெயர்) முன்னேறியபின், அதைத் தாங்கி நிற்கும் டி4 சிப்பாயையே, சி5க்குச் சிப்பாய், சி6க்குக் குதிரை, பி6க்கு ராணி என்று நகர்த்தி நெருக்கவேண்டும் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு, வெள்ளை தன் மந்திரியை (பிஷப்) டி3இல் வைத்த நிலையில், டி4இல் சிப்பாய்கள் பரிமாறப்பட்டபின் டி4 சிப்பாய் இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும் இடத்தில் நிறுத்தினார். உடனே குதிரையால் வெட்டினால், குதிரைகள் பரிமாறி நம் ராணி டி4இல் நிற்க, வெள்ளை மந்திரி பி5இல் செக் வைத்து வழி விலகும்; பின்னால் இருக்கும் வெள்ளை ராணி நம் ராணியைப் பறித்துவிடும். விடையைச் சொல்லாமல், அவளே அதைக் கண்டு, தன் மந்திரியை முதலில் டி7க்கு நகர்த்தும்வரை அவர் காத்திருந்தார்.

அதே நிலை மறுநாள் ஏழாவது நகர்த்தலில் அப்படியே வந்தது. அவள் நெடுநேரம் யோசித்து மந்திரியை டி7இல் வைத்தாள். அதன்பின் வந்த கடும் தாக்குதலையும் தாங்கி எடுத்த டிராவே நமக்குத் தேவைப்பட்ட அந்த அரைப் புள்ளி. ஐயா, வெற்றிக்காக மட்டும் நன்றி சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் பிள்ளையின் அச்சத்தைப் போக்கியதற்காகவும் சொல்கிறோம்.

நள்ளிரவில் வண்டி கொடுத்தவர்கள், மருத்துவமனையில் விடியும்வரை உடனிருந்த தந்தையர், இரத்தம் கொடுத்த மாணவர்கள், பிள்ளைகளைப் பரிவுடன் நடத்திய நடுவர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

இனி எந்தப் போட்டியிலும், பயிற்சியாளர் இன்றி வரும் அணி எதிரணியாகவே இருந்தாலும், மாலையில் எங்கள் பலகையில் அவர்களுக்கு இடமுண்டு. பிள்ளைகளும் இதற்கு உறுதியளித்துள்ளனர்.

நன்றியுடன்,
அணியின் பெற்றோர் சார்பில்