வண்டி நிறுத்துமிடத்தில் நான் இருந்ததற்கான விளக்கம்: தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

தகவல் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும் தகவல் தொழில்நுட்பத் துறையின் ஏனைய பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த 6ஆம் தேதி இரவு 11.40 மணியளவில், பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் அலுவலக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், முன் அனுமதியின்றி "வெளியாள் ஒருவருடன்" நான் இருந்தது ஏன் என்று கேட்டு, மூன்று வேலை நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தரும்படி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். உரிய படிவத்தை அன்றே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்துக்கு இரண்டு வரிகளுக்கு மட்டுமே இடம் இருந்ததால், மீதியை இங்கே எழுதுகிறேன். சம்பளப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் வேறு பலரும் இதே நிலையில் இருப்பதால்தான் இது திறந்த மடலாகிறது. நிறுவனத்தின் பெயரையோ எவருடைய பெயரையோ இதில் நான் குறிப்பிடவில்லை.

முதலில் அந்த வெளியாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் என் மகள். வயது பத்து. பின் இருக்கையில் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள். மழையில் குடையோடு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டிய நேப்பாளப் பாதுகாவலர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பெண் ஒருவர், சிறுமி ஒருவர்" என்று பதிவேட்டில் சரியாகத்தான் எழுதிக்கொண்டார். அந்தச் சிறுமி உங்கள் மின்னஞ்சலுக்குள் வருவதற்குள் எப்படி வெளியாளாக வளர்ந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

நடந்தவை உங்கள் டிக்கெட் பதிவுகளிலேயே (உதவிக் கோரிக்கைப் பதிவுகளில்) இருக்கின்றன. 5ஆம் தேதி மாலை என் கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்து செயலிழந்தது. அன்றிரவே வேறொன்று வாங்கி, பழைய எண்ணையே அதில் போட்டுக்கொண்டேன். ஆனால் வீட்டிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பு வழியான விபிஎன்னுக்குள் நுழையும்போதெல்லாம் ஆறு இலக்க எண்ணைத் தரும் ஆதென்டிகேட்டர் செயலியின் பதிவு பழைய தொலைபேசியோடு போய்விட்டது. மறுபதிவு செய்துதரும்படி 6ஆம் தேதி காலை 8.30 மணிக்கு ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதினேன். மாலை 4.50 மணிக்குப் பதில் வந்தது. மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு அலுவலக முகப்புக்கு நேரில் வரவேண்டும் என்றும், முகப்பு காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும் என்றும் அதில் இருந்தது. அடுத்த நிமிடமே என் டிக்கெட் "தீர்வு காணப்பட்டது" என்ற குறிப்போடு மூடப்பட்டது. மாலை 4.50-க்கு, பாலத்துக்கு அப்பால் நான் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட்டு 5 மணிக்கு பாயான் லெப்பாஸ் முகப்பில் வந்து நிற்கக்கூடியவர் யாரேனும் இருந்தால், அவரிடம் நானும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்.

மறுநாள் வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் ஊழியரின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். 7ஆம் தேதி காலை வங்கி கேட்கும் நேரத்துக்குள் சம்பளக் கோப்பு போகாவிட்டால், உற்பத்திப் பிரிவில் 600க்கும் மேற்பட்டோருக்கு அன்று பணம் ஏறாது. அந்தக் கோப்பைத் தயாரிக்கும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு. ஒருவர் என் மேலாளர். அந்த வாரம் அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார். மற்றவர் நான். என் கணவருக்கோ பிறையில் இரவு ஷிப்ட். ஆகவே மகளை உறக்கத்திலிருந்து எழுப்பி, காரில் படுக்கவைத்து, 5.74 ரிங்கிட் டோல் கட்டி, மழைக்குள் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைக் கடந்து வந்தேன். இரவு பத்து மணிக்குப் பிறகு என் அட்டைக்குக் கட்டடக் கதவு திறக்காது. ஆனால் அலுவலக வைஃபை வண்டி நிறுத்துமிடத்தின் முதல் இரு வரிசைகள் வரை எட்டும் என்பது பழைய ஊழியர்களுக்குத் தெரிந்த செய்தி. நான் இரண்டாம் வரிசையில் நிறுத்தினேன்.

பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் என்ற முறையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் சம்பள மென்பொருள் என்னிடம் ஆறு இலக்க எண் எதையும் கேட்கவில்லை. வைஃபைக்கு ஒரு கடவுச்சொல், மென்பொருளுக்கு ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான். 25 நிமிடங்களில் கோப்பை வங்கிக்கு அனுப்பிவிட்டேன். என் வீட்டு மேசையில், நீங்களே கொடுத்த மடிக்கணினியில் உட்கார்ந்திருந்தபோது நான் யார் என்று நம்ப மறுத்த அமைப்பு, நள்ளிரவில் இருட்டில் நின்ற ஒரு காருக்குள்ளிருந்து வந்தபோது மறுபேச்சின்றி நம்பியது. அதே கடவுச்சொற்கள் வேறொருவர் கையில் கிடைத்து, அவர் முதல் வரிசையில் வண்டியை நிறுத்தியிருந்தால், 600 பேரின் அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் என்னவாகியிருக்கும் என்று உங்கள் மின்னஞ்சல் எங்கும் கேட்கவில்லை. அனுமதிச் சீட்டைத்தான் கேட்டது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்களுக்கு நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதையும் திறந்துவிட வேண்டாம், எங்கள் வேலைக்குத் தேவையான மூன்று பயன்பாடுகளுக்கு மட்டும், எங்கிருந்து நுழைந்தாலும் ஒரே அளவில் சரிபார்க்கும் பாதுகாப்பான வழி ஒன்றை அமைத்துத் தாருங்கள். சம்பளம், வருகைப் பதிவும் விடுப்பும், வங்கிக் கோப்புப் பரிமாற்றம் ஆகியவையே அந்த மூன்று.

பாதுகாப்பைத் தளர்த்தும்படி நான் கேட்பதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது விபிஎன் ஒருமுறை இணைந்துவிட்டால், எனக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பொறியியல் பிரிவின் சர்வர்களும் கண்காணிப்புக் கேமராக்களின் சர்வரும் கூட என் கணினியின் பட்டியலில் தெரிகின்றன. சம்பளக் கணக்கு எழுதுபவளுக்கு அவை எதற்கு? வலையமைப்பில் இருக்கும் இடத்தை மட்டும் வைத்து ஒருவரை நம்பக்கூடாது என்பது அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட "ஜீரோ டிரஸ்ட்" வழிகாட்டியின் அடிப்படைக் கொள்கை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய்த்தடம் பல நாள்கள் முடங்கியதற்கு, பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கின் கசிந்த கடவுச்சொல்லே வழிவிட்டது. அந்தக் கணக்குக்கு இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. 2024 ஜனவரியில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிகளில் ஓட்டைகள் வெளிப்பட்டபோது, அவற்றை இணைப்பிலிருந்தே துண்டிக்கும்படி அமெரிக்கக் கூட்டரசுத் துறைகளுக்கு ஆணை பிறந்தது. சம்பளப் பிரிவில் இருப்பவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வியக்க வேண்டாம். இவற்றில் பெரும்பகுதி, ஆண்டுதோறும் நீங்கள் எங்களுக்குக் கட்டாயமாக நடத்தும் இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் வருகிறது. இறுதித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சான்றிதழ் உங்கள் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை நான் மறக்கவில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, உங்கள் பிரிவினர் மேசைக் கணினிகளைக் கூடத் தங்கள் வண்டிகளில் ஏற்றிச் சென்று எங்களில் சிலருக்கு வீட்டில் இணைத்துக் கொடுத்தார்கள். அந்த வாரத்தில் அவசரமாகப் போட்ட விபிஎன்னுக்கு நாங்கள் நன்றிதான் சொன்னோம். அவசரத்துக்குக் கட்டிய கொட்டகை அது. இன்றும் அதற்குள்தான் நிற்கிறோம். இடையில் மாறியதெல்லாம் கடவுச்சொல்லை 90 நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது 30 நாள்கள் ஆனது மட்டும்தான். காரணமின்றிக் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள் என்று மேற்சொன்ன அதே தர நிறுவனம் 2017இலேயே எழுதிவிட்டது. எங்கள் பிரிவில் கடவுச்சொற்கள் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதை நான் சொல்லப்போவதில்லை. மேசை விளக்குகளின் அடிப்பகுதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்ததே பெரிய சலுகை என்ற குரலும் அவ்வப்போது கேட்கிறது. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கும் உரிமை 2023 ஜனவரி 1ஆம் தேதி முதல் வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளி 60 நாள்களுக்குள் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணம் தரவேண்டும். நான் விண்ணப்பித்தேன், நீங்கள் ஒப்புதல் அளித்தீர்கள். மனிதவளப் பிரிவு கொடுத்த அந்த அழகான கடிதத்தைக் காட்டிச் சம்பள மென்பொருளைத் திறக்க முடிந்திருந்தால் 6ஆம் தேதி இரவு அதைத்தான் காட்டியிருப்பேன். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை "நம் ஊழியர் நலன்" என்று சுவரொட்டி அச்சடிக்கும் செலவில், சம்பள வாரத்தில் இரவு பத்து மணிவரை தொலைபேசியை எடுக்க ஒருவரை வைத்திருக்க முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

கதவு திறக்காதபோது மனிதர்கள் சன்னல் வழியாகத்தான் நுழைவார்கள். விபிஎன் அறுந்துபோகும் என்ற பயத்தில், சம்பளப் பட்டியலை மாலையிலேயே தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டு வீட்டில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பகிர்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் என்று கேட்டு இன்னொரு படிவம் அனுப்பாதீர்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், தேதி தவறக்கூடாது என்று நினைப்பவர்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி முதல், தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நான் கேட்பதை எப்படிச் செய்வது என்பது உங்கள் தொழில். பயன்படுத்துகிறவள் என்ற முறையில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உலாவி வழியாக அந்த மூன்று பயன்பாடுகளுக்கு முன்னால் ஒரு வாயில் இருக்கட்டும். உள்ளே வருபவர் யார், அவர் கையில் இருப்பது நிறுவனத்தின் மடிக்கணினிதானா, அதில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் முடிந்திருக்கின்றனவா என்று அந்த வாயில் ஒவ்வொரு முறையும் பார்க்கட்டும். தொலைபேசியை மட்டும் நம்பியிராமல், கணினியில் செருகி அடையாளத்தை உறுதிசெய்யும், ஃபைடோ என்ற தரத்தில் அமைந்த பாதுகாப்புச் சாவிகள் ஆளுக்கு இரண்டு கொடுங்கள். ஒன்று தண்ணீரில் விழுந்தாலும் மற்றொன்று அலமாரியில் இருக்கும். அதுவும் தொலைந்தால், காணொளி அழைப்பில் முகத்தையும் மைகார்டையும் பார்த்து, மேலாளரோ அவர் இல்லாதபோது வேறொரு பொறுப்பாளரோ உறுதிசெய்த பிறகு மறுபதிவு செய்யும் வழி இருக்கட்டும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் குறுக்கு வழியாக வைக்க வேண்டாம். 2022 செப்டம்பரிலேயே அதிலிருந்து விலகும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா நம் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் 15 நாள்களில் மட்டுமாவது இரவு பத்து வரை ஹெல்ப்டெஸ்க்கில் ஒருவர் இருக்கட்டும். சம்பளம் முடிந்ததும் ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வருமான வரிப் பிடித்தம் எல்லாவற்றுக்கும் 15ஆம் தேதிதான் கெடு.

அதே வாயிலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வையுங்கள். என் கார் நின்ற இரண்டாம் வரிசையிலிருந்து இனி யாரும், நான் உட்பட, கடவுச்சொல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சம்பளக் கோப்பைத் தொட முடியக்கூடாது. ஆனால் அதற்கு முன்பே வீட்டுப் பக்கத்து வழியைத் திறந்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த முறை எனக்கு அந்த இரண்டாம் வரிசையும் இருக்காது.

மூன்று பயன்பாடுகளுக்கு மட்டும், எங்கிருந்தாலும் ஒரே அளவில் சரிபார்க்கும் பாதுகாப்பான வழி என்ற இந்தக் கோரிக்கைக்கு, மூன்று வேலை நாள்களுக்குள் பதில் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இம்மாத இறுதிக்குள், எப்போது தொடங்குவீர்கள் என்ற தேதியோடு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால் போதும். முழுவதும் அமையும்வரை, குறைந்தபட்சம் நேரில் வராமல் மறுபதிவு செய்யும் வழியையாவது உடனே ஏற்படுத்தித் தர வேண்டுகிறேன். என் கணவரின் ஷிப்ட் அட்டவணை வந்துவிட்டது. அடுத்த 6ஆம் தேதியும் அவருக்கு இரவு வேலைதான்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர்,
பட்டர்வொர்த்