மாலை நேரலையில் எங்கள் மூத்த அறிவிப்பாளரைத் திரும்ப அமர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கடைமடை வானொலி நேயர்கள்,
தலைஞாயிறு, வேதாரண்யம் வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு நிலைய இயக்குநர் அவர்கள்,
வானொலி நிலையம்.

பொருள்: மாலை விவசாய நேரலையையும் அதை நடத்தி வந்த அறிவிப்பாளரையும் மீண்டும் கொண்டுவர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நேரிலும் தபாலிலும் கொடுத்த எங்கள் முந்தைய மனுக்கள்.

ஐயா,

வணக்கம். எங்கள் பக்கத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்தால் கடைசியாகத் தண்ணீர் பார்க்கிற ஊர்கள், ஐப்பசியில் அடைமழை பிடித்தால் முதலில் முழுகுகிற ஊர்கள். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒரு வரி பதில்கூட வராததால் மறுபடி எழுதுகிறோம். தயவுசெய்து இதையாவது முழுக்கப் படிக்கவும்.

1. மாலை நேரலையை நடத்தி வந்த மூத்த அறிவிப்பாளர் (பெயர் தங்களுக்கே தெரியும், நாங்கள் அண்ணன் என்போம்) நிறுத்தப்பட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. டூட்டிக்கு இவ்வளவு என்று வாங்கும் தற்காலிகப் பணியாளர்தான் அவர். வயதாகிவிட்டது என்கிறார்கள், நிதி இல்லை என்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை.

2. அந்த நேரத்தில் இப்போது பழைய பதிவுகள் ஓடுகின்றன. போன கார்த்திகையில் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு நிலத்தை எப்படி உழுவது என்று ஒருவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஆவணியில் சொல்ல வேண்டிய சேதி அது.

3. எங்களுக்கு நிஜமாக வலிக்கிற இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். போன் போட்டுக் கேட்க ஆள் இல்லை. சம்பாவில் கதிர் வரும் நேரத்தில் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. பலபேர் கடையில் கொடுத்த மருந்தை அடித்து, பச்சை திரும்பட்டும் என்று யூரியாவும் போட்டார்கள், தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இன்னும் பெருகியது. அண்ணன் இருந்திருந்தால் போனை எடுத்ததும் எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர் வடிகாலில் ஆகாயத்தாமரை எடுத்தாச்சா என்று கேட்டு, அப்புறம் “பூச்சி இலையில இருக்கா, தூர்ல தண்ணிக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கா? குனிஞ்சு பாத்தீங்களா?” என்பார். தூரில்தான் என்றால் உடனே பக்கத்தில் இருக்கும் வேளாண் அதிகாரியிடம் விட்டுவிடுவார். தண்ணீரை வடிக்க வேண்டும், யூரியாவை நிறுத்த வேண்டும், எட்டடிக்கு ஒரு பட்டம், அதாவது நடுவில் சந்து, பிரித்துத் தூருக்குக் காற்றும் வெயிலும் போக விட வேண்டும், சைபர்மெத்ரின் மாதிரி மருந்தைத் தொடவே கூடாது, அது புகையானைக் கூட்டிவிடும். எல்லாம் அதிகாரிக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் ஹெக்டேருக்கு இத்தனை மில்லி என்று ஆரம்பித்தவுடன் அண்ணன் குறுக்கே விழுவார்: “சார், மாவுக்குச் சொல்லுங்க. ஒரு டேங்குக்கு எத்தனை மூடி?” மூன்று மா ஒரு ஏக்கர் என்று நாங்கள் போடுகிற கணக்கில் பேசத் தெரிந்த ஆள் அந்த மைக்குக்கு முன்னால் வேண்டும் ஐயா. பதிவு யாரையும் குறுக்குக் கேள்வி கேட்காது.

4. வயதானவர் எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டாராம். 1952-இல் இலங்கை வானொலியில் கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கிய அமீன் சயானியை 1990களிலும் ஜனங்கள் கேட்டார்கள். வேளாண்மை படித்துவிட்டுத் திருநெல்வேலி வானொலியின் விவசாய நிகழ்ச்சிக்கு வந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், பிறகு ‘இன்று ஒரு தகவல்’ சொன்னவர், 2009-இல் மறைந்தார். அவர் பேச்சை இன்னும் தேடிக் கேட்கிறார்கள். கம்பீரக் குரலா அவருக்கு? பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினார், அவ்வளவுதான். 1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர், வானொலியில் சொன்னதை நம்பி நட்டதால். அப்போது நாமெல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். அந்த நம்பிக்கை ஆள் மாற்றி ஆள் மாற்றி வருகிறதா ஐயா? கேட்டுக் கேட்டுப் பழகினால்தானே வரும்!

5. அவர் இருமுகிறார், ஒரு நேயர் கிடைத்தால் சீக்கிரம் விட மாட்டார். சரி, இருக்கட்டுமே. புதுப் பிள்ளைகள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

6. செயலியில் கேளுங்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். கை முழுக்கச் சேறு, இதில் எந்தச் செயலியைத் திறப்பது? செயலியில் கேட்டாலும் அதே பழைய பதிவுதானே! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கரண்ட் கம்பமும் செல்போன் டவரும் சாய்ந்து கிடந்தன, எங்கள் வீடுகளில் பேட்டரி ரேடியோதான் பேசியது, ஊர் ஊராகப் பெயர் சொல்லி எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்று அதில் சொன்னவர் இவர்தான், அது தங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் வீட்டுக்கு அனுப்பினால் நாங்கள் என்ன நினைப்பது?

7. நேரலை வேண்டும். பதிவு வேண்டாம்.

ஆகவே வாரத்தில் இரண்டு மாலையாவது, தொலைபேசி இணைப்புடன், அவரையே வைத்து நிகழ்ச்சி நடத்த உத்தரவிடும்படி பணிவுடன் வேண்டுகிறோம். திரும்பவும் வேண்டுகிறோம், அவரையே வைத்து. முடியாது என்றால் முடியாது என்று ஆடி முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள், சம்பாவுக்கு நாற்று விடுமுன் நாங்கள் வேறு வழி பார்க்க வேண்டும். மனு கிடைத்ததற்கு முத்திரை வைத்த ரசீதும் வேண்டும். போன தடவை வாங்கி மேசையில் போட்டுக்கொண்டார்கள், ரசீது கேட்டதற்கு அதெல்லாம் வழக்கமில்லை என்றுவிட்டார்கள்.

இப்படிக்கு,
கடைமடை வானொலி நேயர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)